வெலென்ஸெக்குப் போகும் வழியில்

பெருமதிப்பிற்குரிய எர்னோ மாமா அவர்களுக்கு,

மருமகன் பார்னா பணிவுடன் எழுதுவது. உங்கள் மகள் கிங்காவும் நானும் நலம். உங்கள் முழங்கால் வலியும், முதல் பனிக்கு முன் பறிக்கவேண்டிய மிளகாயும் எப்படி இருக்கின்றன என்று அறிய ஆவல். உங்கள் கேம்பர் வேனும் நலம். பெரும்பாலும் நலம்.

"பெரும்பாலும்" என்பதை நீங்கள் அடிக்கோடிடுவீர்கள். ரயில் நிலைய அதிகாரியாக இருந்தவர். அடிக்கோடிடுங்கள். கீழே விளக்கியிருக்கிறேன்.

போனில் கேட்காமல் ஏன் கடிதம் என்று யோசிப்பீர்கள். போனில் "கூடாது" என்று சொல்ல உங்களுக்கு ஒரு மூச்சு போதும். காகிதத்தில் சொல்ல வேண்டுமென்றால் கண்ணாடி தேட வேண்டும், பேனா தேட வேண்டும். அந்த இடைவெளியை நம்பி எழுதுகிறேன். வேனை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உங்கள் அனுமதி வேண்டும். இத்தாலிக்கு.

உங்கள் விதி எனக்குத் தெரியும். வேன் முழுக்க உங்கள் கையெழுத்தில் ஒட்டியிருக்கிறதே. அலமாரியில், "இதைத் திறந்தால் மூடு." அடுப்பின் மேல், "யோசி." ஸ்டியரிங்குக்கு நேர் எதிரே, "எல்லை தாண்டாதே." அதைப் பார்த்துக்கொண்டேதான் இத்தனை நாளும் ஓட்டினேன்.

டிசம்பரில் நடந்தது உங்களுக்குத் தெரியும். ஆஸ்பத்திரி வராந்தாவில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் நீங்கள். அதைப் பற்றி எழுதமாட்டேன். ஒன்று மட்டும். கிறிஸ்துமஸ் சூப்புக்கு வாங்கிய கெண்டை அப்போது எங்கள் குளியல் தொட்டியில் நீந்திக்கொண்டிருந்தது. குழந்தை இல்லாமல் நாங்கள் திரும்பி வந்தபோதும் நீந்திக்கொண்டிருந்தது. நான் அதை மாடிவீட்டுக்காரரிடம் கொடுத்தேன். எங்கே என்று கிங்கா கேட்கவில்லை. அதன்பிறகு எதையுமே அதிகம் கேட்கவில்லை. உப்பு வேண்டுமா, கதவைப் பூட்டினாயா. அவ்வளவுதான் பேச்சு.

போன மாதம் பாத்திரம் துடைத்துக்கொண்டே சொன்னேன். "ஒரு வாரம் லீவு போடறேன். அப்பாகிட்ட வேனைக் கேட்டு வாங்கிட்டு வெலென்ஸெ போயிட்டு வரலாமா?"

அவள் தட்டைக் கீழே வைத்தாள். "வெலென்ஸெயா? நிஜமாவா?"

சிரித்தாள், மாமா. நிஜமாகவே சிரித்தாள்.

நான் சொன்னது ஏரி. நம் வெலென்ஸெ ஏரி. புடாபெஸ்டிலிருந்து ஒரு மணி நேரம்கூட ஆகாது. முழங்கால் ஆழம், நாணல், கொசு, எண்ணெயில் லாங்கோஷ் ரொட்டி பொரிக்கும், இப்போது மூடிக்கிடக்கும் கடை. அதற்காக உலகத்தில் யாரும் தட்டைக் கீழே வைத்துச் சிரித்ததில்லை. அன்றிரவு படுக்கையில்தான் உறைத்தது. உலகமே வெனிஸ் என்று சொல்லும் அந்தக் கால்வாய் நகரத்துக்கும் நம் மொழியில் அதே பெயர். ஊரையும் நாணல் குட்டையையும் ஒரே சொல்லில் போட்டு வைத்திருக்கிறோம். அகராதி அலுவலகத்தில், ஒரே சொல்லின் வேறு வேறு பொருளைப் பிரித்து எண் போடுவது என் பிழைப்பு. "சொல்லு எண்ணற வேலை" என்று நீங்கள் கேலி செய்வீர்களே, அதே வேலை. என் வீட்டுச் சமையலறையில் எண் போட மறந்துவிட்டேன்.

அவள் கேட்டவை எல்லாம் அதையே உறுதி செய்தன. "இந்த மாசத்துல படகு கிடைக்குமா?" என்றாள். "அங்க தண்ணி குறைஞ்சுபோச்சாமே, பேப்பர்ல போட்டிருந்தான்" என்றாள். அகலமான தொப்பி ஒன்று வாங்கினாள். கறுப்புப் பட்டு உடையை எடுத்து வைத்தாள். மாமா, நாணல் குட்டைக்கு யார் பட்டு உடை எடுத்துப் போவார்கள்? இல்லை கண்ணே, நான் சொன்னது குட்டை என்று எப்படிச் சொல்வது? வேனில் ஏறும்வரை சொல்லவில்லை. ஏறிய பிறகும் சொல்லவில்லை. கை தானாக வழக்கமான சாலையில் திரும்பிவிட்டது.

ஏரிக்கரையில் நிறுத்தினேன். அவள் இறங்கினாள். செருப்பைக் கழற்றினாள். தண்ணீரைப் பார்த்தபடி நின்றாள். கண் கலங்கியிருந்தது.

"வந்துட்டோமா? இவ்வளவு சீக்கிரமா?"

"இல்ல இல்ல," என்றேன். "இது வழியில ஒரு நிறுத்தம்தான். வெலென்ஸெ இன்னும் தூரம் இருக்கு."

என்னைப் பார்த்தாள். எனக்குப் பின்னால் எதையோ பார்த்தாள். மறுபடி என்னைப் பார்த்தாள்.

"இன்னுமா?"

"இன்னும் ரொம்ப தூரம்."

"சரி," என்று செருப்பைப் போட்டுக்கொண்டாள்.

அதன்பிறகு நடந்ததற்கெல்லாம் அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். எல்லையை நோக்கிப் போகவும் வேண்டும், எல்லையை அடையவும் கூடாது. அதனால் ஏரி ஏரியாக நிறுத்தினேன். பலாதோன் ஏரிக்கரையில் சீசன் முடிந்து, நாற்காலிகளைச் சங்கிலி போட்டுக் கட்டி, ஒரு நாய்கூட இல்லாமல் கிடந்தது, ஒரே ஒரு கடைக்காரர் மட்டும் எண்ணெய் வீணாகிவிடக் கூடாதே என்று அந்த வழக்கமான கடல்மீனைப் பொரித்துக்கொண்டிருந்தார், நாங்கள் கோட்டோடு உட்கார்ந்து தின்றோம், அப்போது கரையில் புயல் எச்சரிக்கை விளக்கு மெதுவாகச் சிமிட்ட ஆரம்பித்தது, பிறகு வேகமாகச் சிமிட்டியது, நான் பில் கேட்கப் போயிருந்தேன், திரும்பிப் பார்த்தால் நீங்கள் சொந்தக் கையால் தைத்த அந்தப் பச்சைக் கோடு போட்ட பந்தல் துணி வேனிலிருந்து கிளம்பி ஏரிக்கு மேல் போய்க்கொண்டிருந்தது. அழகாகத்தான் போனது. இந்நேரம் தென்கரை சேர்ந்திருக்கும். கிங்கா அது மறையும்வரை பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு தட்டிலிருந்த மீனைப் பார்த்தாள்.

"இது கடல்ல இருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கு. பாவம். வழியில ஒரு நிறுத்தம்னு சொல்லித்தான் கூட்டிட்டு வந்திருப்பாங்க."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

ஹேவிஸின் வெந்நீர் ஏரி இன்னும் மோசம். ஆவி. அல்லி. ரப்பர் வளையங்களில் தொங்கியபடி பெரியவர்கள், எடுத்துப்போக ஆள் வராத சாமான்களைப் போல. என் வளையம் சுழன்றுகொண்டே இருந்தது. உதைத்துப் பார்த்தேன்.

"தம்பி, காலை ஆட்டாதீங்க," என்றார் பக்கத்தில் மிதந்தவர். "இங்க யாரும் எங்கயும் போறதில்ல."

அவர் மனைவி கிங்காவின் பக்கம் மிதந்துபோனார். "எத்தனை பிள்ளைங்கம்மா?"

"இல்லைங்க."

"இந்தத் தண்ணில ஊறினா எல்லாம் நடக்கும். என் மருமகளைக் கேட்டுப் பாரு."

கிங்கா வளையத்தை விட்டுவிட்டு முங்கினாள். வெகுநேரம் கழித்துத்தான் எழுந்தாள். வேறு பக்கம். அங்கே போக நான் காலை ஆட்டினேன். வளையம் என்னை வேறு திசைக்குத் திருப்பியது.

மூன்றாவது ஏரியில் தண்ணீரே இல்லை. வரைபடத்தில் நீலமாக இருந்தது. ஷொமோட் மாவட்டத்துக் குன்றுகளுக்கு நடுவே. போய் நின்றால் கண்ணுக்கெட்டியவரை சேறு, நாரை, இடுப்பளவு ரப்பர் கால்சட்டையோடு சில ஆட்கள்.

"ஏரியா?" என்றார் ஒருவர். "ஏரியை வடிச்சுவிட்டாச்சுங்க. மீன் அறுவடை. வசந்தத்துல வாங்க, இங்கதான் இருக்கும்."

வேனைத் திருப்பும்போது பின்சக்கரம் சேற்றில் இறங்கியது. டிராக்டர் கட்டி இழுத்தார்கள். முன் பம்பர் வேனிலிருந்து பிரிந்தது. உடையவில்லை. பிரிந்தது. இரண்டும் வேறு சொற்கள். பம்பர் இப்போது உள்ளே கட்டிலுக்கு அடியில் இருக்கிறது, நலமாக.

கிங்கா அந்த ஆளிடம் போனாள். "உயிரோட ஒண்ணு குடுங்க."

"உயிரோடயா? என்னம்மா பண்ணப்போறீங்க?"

"விடப்போறேன்."

"எங்க?"

"வெலென்ஸெல."

அவர் தொப்பியைத் தூக்கித் தலையைச் சொறிந்தார். "நல்ல எடந்தான்," என்றார். கேலி செய்கிறார் என்று எனக்குக் காது சுட்டது. இருந்தாலும் ஒரு கெண்டையைத் தேர்ந்து, ஈரச்சாக்கில் சுற்றிக் கொடுத்தார். பெரியது. அவள் அதைக் கையில் வாங்கிய விதத்தைப் பார்த்தேன். திரும்பிக்கொண்டேன்.

அது இப்போது உங்கள் வேனின் குளியல் தொட்டியில் இருக்கிறது. "இங்கே துணி மட்டும்" என்று நீங்கள் ஒட்டியிருக்கும் அதே தொட்டியில். மன்னிக்க வேண்டும். கிங்கா வழியில் கண்ட குழாயிலெல்லாம் தண்ணீர் பிடித்து மாற்றுகிறாள். அதனுடன் பேசுகிறாள். முன்சீட்டில் இருக்கும் எனக்குக் கேட்கிறது. "கொஞ்சம் பொறுத்துக்கோ. இவன் எங்க கூட்டிட்டுப் போறான்னு எனக்கும் தெரியல. ஆனா நல்லவன்தான்."

லெந்திக்குப் பக்கத்தில் நிற்கிறோம். எல்லை கூப்பிடு தூரம். வேன்கள் தங்கும் முகாமில் எங்களைத் தவிர ஒருவரும் இல்லை. காவல்கார அம்மாள் எங்களுக்காகவே இன்னும் மின்சாரத்தை நிறுத்தாமல் இருக்கிறார், அதைத் தினமும் நினைவூட்டுகிறார். இனி நிறுத்த ஏரி கிடையாது. நான் தேடிவிட்டேன்.

ஆக, மாமா. உங்கள் துணி போய்விட்டது, பம்பர் பிரிந்துவிட்டது, இவனுக்கு இனிமேல் எதையும் தராதீர்கள் என்று நானே உங்களுக்குச் சொல்லுவேன். ஆனால் அவள் ஒரே ஒரு தடவை சிரித்தாள். அது ஒரு ஊரின் பெயருக்காக. அந்த ஊரில் கொண்டுபோய் அவளை இறக்காவிட்டால், அவள் மறுபடி உப்புக்கும் பூட்டுக்கும் போய்விடுவாள். இந்தத் தடவை திரும்பமாட்டாள் என்று பயமாக இருக்கிறது.

இன்னொரு சந்தேகம். நீங்கள் தூண்டில்காரர், உங்களுக்குத் தெரிந்திருக்கும். அந்த ஊரில் இருப்பது கடல்நீர். கெண்டை உப்புத் தண்ணீரில் பிழைக்குமா? அவளிடம் கேட்கத் தைரியம் இல்லை. அவள் அதை நினைத்துப் பார்க்கவில்லை போலிருக்கிறது.

உங்கள் முழங்காலுக்கு வெயிலும், மிளகாய்க்குப் பனியில்லாத இரவுகளும், உங்களுக்கு என்மேல் கொஞ்சம் பொறுமையும் கிடைக்க வேண்டிக்கொண்டு, உங்கள் கையைக் குலுக்கி முடிக்கிறேன்.

தங்கள் பதிலை எதிர்பார்க்கும்,
பார்னா

பின்குறிப்பு: அப்பா, கிங்கா எழுதுகிறேன். தபாலில் போடச் சொல்லி, உறையை ஒட்டாமல் என்னிடம் கொடுத்துவிட்டு ரொட்டி வாங்கப் போயிருக்கிறான். படித்துவிட்டேன்.

நான் நினைத்ததும் ஏரியைத்தான். வேறெதை நினைப்பேன்? எங்கே நின்றாலும் கால் எட்டும் தண்ணீர் அது. மூழ்க முடியாத இடத்தில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும் போலிருந்தது. படகு என்றது மிதிபடகு. கறுப்பு உடை, துவைத்திருந்தது அது ஒன்றுதான் என்பதால். கரையில் கண் கலங்கியது சந்தோஷத்தில். அவன் "வெலென்ஸெ இன்னும் தூரம்" என்று சொல்லும்போது அவன் முதுகுக்குப் பின்னால் வெலென்ஸெ என்று ஆள் உயரத்துக்குப் பலகை இருந்தது. என்ன சொல்வேன்? டிசம்பரிலிருந்து அவனால் ஒரு இடத்தில் நிற்க முடியவில்லை, ஓடட்டும் என்று ஏறி உட்கார்ந்தேன். எனக்காக ஓடுகிறான் என்று இன்றுதான் தெரிகிறது.

பந்தல் துணியைக் காற்று கொண்டுபோகவில்லை. நான்தான் அவிழ்த்துவிட்டேன். ஏதாவது ஒன்று போகட்டும் என்று தோன்றியது. வேறு தைத்துக் கொடுக்கிறேன்.

அனுமதி வேண்டாம், அப்பா. கெண்டை இன்னும் ஒரு நாள் தாங்கும். அவனிடம் எதுவும் சொல்லவில்லை. காலையில் சாவியை நான் வாங்கிக்கொள்கிறேன், வந்த வழியே ஓட்டப்போகிறேன். எங்கே போகிறோம் என்று கேட்பான். வழியில் ஒரு நிறுத்தம்தான் என்பேன்.