பிடரியில் பூட்டிய ஞாபகம்

மண்டபத்தில் நாற்காலி போதவில்லை. பிடரியார் என்று ஊரே கொண்டாடும் மகான் மேடையில் இருந்தார்.

"டாக்டருங்க முன்மூளையையே நோண்டிக்கிட்டு இருக்காங்க. ஞாபகமெல்லாம் பின்மூளையில பூட்டிக் கிடக்கு. சாவி என் கட்டைவிரல்."

இதுதான் அவருடைய கண்டுபிடிப்பு. மறதி நோயாளியை அவரவர் தொழிற்கருவியோடு வரச் சொல்வார். பிடரியை அழுத்திவிட்டுக் கருவியைக் கையில் கொடுப்பார். கை வேலை செய்யும். கூட்டம் கண்ணீர் விடும். மாத்திரையை நிறுத்தச் சொல்லி எண்ணெய்ப் புட்டியை நீட்டுவார். கருணை இலவசம், புட்டிக்குத்தான் விலை.

மறதி நோய் வந்த ஒரு முடிதிருத்துபவரின் மனைவியும் கணவரோடு காத்திருந்தாள். டாக்டரான அவள் தம்பி எவ்வளவோ சொல்லிப் பார்த்திருந்தான்.

"அக்கா, பேரும் முகமும் தங்குற இடம் வேற. கை பழகின வேலை சிறுமூளை மாதிரி வேற இடங்கள்ல தங்குது. அதைப் பத்தி இன்னும் நிறைய தெரிய வேண்டியிருக்கு."

'தெரிய வேண்டியிருக்கு' என்று ஒருவன் நேர்மையாகச் சொன்னால், 'எல்லாம் தெரியும்' என்பவனிடம் ஓடுவதுதானே நம் வழக்கம்? அவளும் ஓடி வந்தாள். கணவர் ஒரு தடவையாவது தன் பெயரைச் சொல்ல மாட்டாரா என்ற ஏக்கம்.

கணவர் பொறுமையிழந்து எழுந்து போகப் பார்த்தார். வேறு வழி தெரியாமல் சீப்பையும் கத்தரியையும் அவர் கையில் திணித்தாள். அவ்வளவுதான். பக்கத்து நாற்காலிக்காரரின் தலையை நிமிர்த்திக் காதோரம் சீராக வெட்ட ஆரம்பித்துவிட்டார்.

"நல்லாத்தான் வெட்டுறாரு, விடுங்கம்மா" என்றார் தலையைக் கொடுத்தவர்.

அவளுக்குச் சுருக்கென்றது. இன்னும் யாரும் பிடரியைத் தொடவே இல்லையே.

அவர்கள் முறை வந்தது. மேடையில் பிடரியார் கணவரின் பிடரியை அழுத்தினார். கணவர் ஒரு சீடனுக்கு முடி வெட்டினார். ஒரே கைதட்டல்.

"நீங்க தொடுறதுக்கு முன்னாடியே கீழ வெட்டினாருங்க" என்றாள் அவள். பாதி வெட்டிய தலையோடு நாற்காலிக்காரர் எழுந்து நின்றார். "ஞாபகம் வந்துடுச்சுன்னா என் பேரைக் கேளுங்க."

பிடரியார் கேட்கவில்லை. அவளே கேட்டாள். கணவர் கனிவாகப் பார்த்தார்.

"உக்காருங்கம்மா. இவருக்கு அப்புறம் உங்க வீட்டுப் பையனுக்கு வெட்டிடுறேன்."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"உன் சந்தேகம்தான் சக்தியைத் தடுக்குது" என்றார் மகான்.

அதற்குள் ஒருத்தி தையல்காரியான தன் மாமியாரிடம் ஊசி நூலைக் கொடுத்திருந்தாள். யாரும் தொடவில்லை. கிழிசல் அழகாகத் தைபட்டது. இன்னொருவர் தச்சரான தன் அண்ணனிடம் இழைப்புளியைக் கொடுத்தார். மரம் வழவழவென்று இழைந்தது. எல்லோரும் நிமிர்ந்து பார்த்தபோது மேடையில் மகானைக் காணோம்.

அவள் அங்கேயே கணவருக்கு மாத்திரையைக் கொடுத்தாள். அழுதுகொண்டேதான் கொடுத்தாள்.

மறதி நோய் அவர் குற்றமில்லை. மூளை நன்றாக இருந்தும் அதை வைத்திருப்பதையே மறந்தவர்களுக்குத்தான் இன்னும் மருந்து வரவில்லை. யோசிப்பதை நாமேதான் செய்யவேண்டும். அதற்கு யாரும் பிடரியை அழுத்த மாட்டார்கள்.