வேலியைச் சாய்த்த வைக்கோல்

ஆபத்தில் உதவப் போகிறவன் அடக்கமாகப் போக வேண்டும். நான் இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், லோடு வண்டியின் முன்சீட்டில், நிவாரணம் கொடுக்க வரும் மந்திரி மாதிரிப் போனேன்.

வேதாரண்யத்தை அடுத்த ஒரு கிராமத்தில்தான் என் அக்கா செல்வியைக் கொடுத்திருந்தோம். புயலுக்குப் பிறகு அந்த ஊரில் ஒரு தென்னை நிற்கவில்லை. வைக்கோல் போரெல்லாம் உப்புத்தண்ணீரில் ஊறி அழுகிப்போயிருந்தது. "மாடு எழுந்திரிக்க மாட்டேங்குதுடா" என்று அக்கா போனில் அழுதாள். குத்தாலத்தில் எங்கள் வயலில் குறுவை அறுத்த பிறகு மெஷின் சுருட்டிப் போட்ட வைக்கோல் கட்டுகள் கிடந்தன. ஒவ்வொன்றும் பீப்பாய் மாதிரி உருண்டை. குட்டியானை வண்டி பிடித்து, ஆள் உயரத்துக்கு மேல் அடுக்கி, கயிறு போட்டு இறுக்கிக் கிளம்பினேன்.

அத்தானுக்கும் பக்கத்து வீட்டு ராஜமாணிக்கத்துக்கும் (அத்தானின் பெரியப்பா மகன்தான்) பல வருஷமாகப் பேச்சு இல்லை. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு மாடு படுக்கிற அகலத்துக்கு இடம். அது யாருடையது என்று கோர்ட்டில் கேஸ். புயல் பிடுங்கிப்போட்ட முள்வேலியை, வீட்டுக் கூரையைச் சரிசெய்வதற்கு முன்னாலேயே அத்தான் திரும்ப நட்டுவிட்டார். (கூரை மேல் தார்ப்பாய் கிடந்தது. வேலி கம்பீரமாக நின்றது.)

வண்டியை ரோட்டு மேட்டில் நிறுத்தினோம். வீடுகள் கீழே பள்ளத்தில்.

"மாப்ள, கொஞ்சம் இருங்க. ஆள் வரட்டும்" என்றார் அத்தான்.

"எதுக்கு அத்தான் ஆளு? வைக்கல்தானே!"

மேலே ஏறிக் கயிற்றை அவிழ்த்தேன். பள்ளத்துப் பக்கத்துக் கயிற்றை.

முதல் கட்டு மெதுவாகத்தான் நகர்ந்தது. அதைப் பிடிக்கப் போனேன். மற்றவையெல்லாம் என்னையும் கூட்டிக்கொண்டு இறங்கின. சரிவில் உருண்டு, வேலியை அப்படியே சாய்த்து, ராஜமாணிக்கத்தின் மாட்டுக்கொட்டகை வாசலில் போய் நின்றன. நானும்தான், முதுகு நிறைய முள்ளோடு.

கண்ணைத் திறந்தால் எதிரே ஒரு பசு. விலா எலும்பெல்லாம் தெரிந்தது. என்னைத் தாண்டித் தலையை நீட்டி ஒரு வாய் வைக்கோல் இழுத்தது.

ராஜமாணிக்கம் ஓடிவந்து மாட்டின் கயிற்றைப் பிடித்து இழுத்தார். மாடு அசையவில்லை. "அவங்க வைக்கல் நமக்கு வேணாம். எடுத்துக்கிட்டுப் போகச் சொல்லு" என்று மனைவியிடம் சொன்னார்.

"கன்னு நேத்தே போயிடுச்சு" என்றாள் அந்த அம்மாள், யாரையும் பார்க்காமல்.

அத்தான் சாய்ந்த வேலியை மிதித்துத் தாண்டி வந்தார். அடிக்கத்தான் போகிறார் என்று நினைத்தேன். (என்னையா, அவரையா என்பதுதான் தெரியவில்லை.)

"கயித்த விடுண்ணே. அது தின்னட்டும்."

ராஜமாணிக்கம் கயிற்றை விட்டார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அக்கா வந்து ஒரு கட்டைப் பிரித்து மாட்டின் முன்னால் உதறிப் போட்டாள். மாடு மென்றுகொண்டே இருந்தது. நான் முள்ளோடு அப்படியே கிடந்தேன். ரொம்ப நேரம் கழித்து ராஜமாணிக்கத்தின் மனைவிதான் ஊசியோடு வந்து முள் எடுத்தாள்.

பாதிக் கட்டுகளை அந்தப் பக்கமே அடுக்கினோம். வேலியை யாரும் திரும்ப நடவில்லை. கேஸ் இன்னும் நடக்கிறது. இருவரும் ஒரே பைக்கில் கோர்ட்டுக்குப் போய்வருகிறார்கள்.

என் கல்யாணத்தில் ராஜமாணிக்கம் பெண் வீட்டாரிடம் சொன்னார்: "மாப்பிள்ளை பெரிய சர்வேயருங்க. எங்க எடத்தை உருண்டே அளந்து தீர்த்துவச்சாரு."

எல்லோரும் சிரித்தார்கள். என் மாமனார் மட்டும் அதை நம்பிவிட்டார். தன் மனையை எப்போது அளக்க வருகிறீர்கள் என்று இன்றுவரை கேட்டுக்கொண்டிருக்கிறார்.