ஆறு குழல் துப்பாக்கியும் மாடி அறையும்

பொய்யை இனி என் வீட்டுக்குள் விடுவதில்லை என்று ஞாயிற்றுக்கிழமை காலை முடிவெடுத்தேன். அது தொலைக்காட்சி வழியாகத்தான் வந்தது. ஆறு குழல்கள் சுற்றிச் சுற்றிச் சுடும் இயந்திரத் துப்பாக்கியைக் கையில் பிடித்தபடி நாயகன் மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தான். ஒரு சொட்டு வியர்வை இல்லை.

“சுத்தப் பொய்,” என்றேன்.

“அவர்தான் தூக்குறாரே!” என்றாள் என் மனைவி, ரவிக்கைத் துணி வெட்டிக்கொண்டே. வீட்டிலேயே தைத்துக் கொடுப்பவள்.

எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி நான். தவறைக் கண்டால் வாய் சும்மா இருக்காது. நானே தவறோ என்ற பயமும் விடாது.

வீட்டில் இன்னொரு வழக்கும் நிலுவையில் இருந்தது. மாடி அறை யாருக்கு? தேர்வுக்குப் படிக்க எனக்கு வேண்டும். தைக்க அவளுக்கு வேண்டும். ‘இந்தக் குறுகல் படியில் உன் மிஷினை எவன் ஏற்றுவான்?’ என்று கேட்டே இதுவரை ஜெயித்து வந்தேன்.

“துப்பாக்கி மட்டுமே கிட்டத்தட்ட நாற்பது கிலோ. குழலைச் சுத்த மோட்டார். மோட்டாருக்கு பேட்டரி. குண்டு மாலை வேற!” என்றேன், திரையைக் காட்டி.

“உங்களுக்குக் கனம்னா ஊருக்கே கனமா?”

“தூக்கிக் காட்டட்டுமா?”

“ஐயோ, வேணாங்க. இடுப்பு பிடிச்சுக்கும்.”

அந்த ‘வேணாங்க’தான் என்னைக் கிளப்பிவிட்டது.

“இந்த வீட்ல கனமா, சக்கரத்தோட இருக்கிறது தையல் மிஷின்தான்,” என்று இழுத்தாள். “ஆனா அது அவ்வளவு எடை வராதே.”

சோதனை நேர்மையாக இருக்க வேண்டாமா? மிஷினைப் பலகையிலிருந்து கழற்றிக் கையில் எடுத்தேன். பலகையை இரும்புக் காலோடு முதுகில் கட்டச் சொன்னேன். பேட்டரிக்குப் பதில் இஸ்திரிப் பெட்டி. குண்டு மாலைக்குத் துணி மூட்டைகள், கழுத்தில்.

“போதுங்க, பாவம்!”

“கத்திரிக்கோலையும் போடு. எடை குறைஞ்சா நாளைக்கு நீயே குறை சொல்லுவ.”

பாதிப் படியில் கண் இருட்டியது. பக்கத்து வீட்டு மெக்கானிக் ஜன்னலில் எட்டிப் பார்த்தார்.

“என்ன சார், வீடு காலி பண்றீங்களா?”

“ஆராய்ச்சி!” என்று சொல்ல நினைத்தேன். ‘ஆ’ மட்டும் வந்தது.

“படத்துல அவர் இந்நேரம் மேல போயிருப்பார்!” என்றாள் பின்னாலிருந்து.

ஏறிவிட்டேன். மாடி அறைக்குள் சாமானோடு சரிந்து உட்கார்ந்தேன்.

“பாத்தியா? சுடுறதுக்கு ஒரு விரல்கூட மிச்சமில்ல! சுட்டா, அது பின்னால தள்ளுற தள்ளுக்கு ஆளே படியில உருண்டுடுவான். கையில தூக்குறதெல்லாம் கதை. இந்த மாதிரி சாமானை ஒரு இடத்துல அசையாம பொருத்தித்தான் வைக்கணும்!”

கல்யாணமான நாளிலிருந்து முதல்முறையாக அவள் மறுபேச்சு பேசவில்லை.

“நீங்க சொன்னா சரியாத்தாங்க இருக்கும்,” என்றாள். நல்ல வெளிச்சம் விழும் ஜன்னலோரத்தைக் காட்டி, என் கையில் ஸ்க்ரூடிரைவரை வைத்தாள்.

விவாதத்தில் நான்தான் ஜெயித்தேன். இப்போது சமையலறையில் உட்கார்ந்து தேர்வுக்குப் படிக்கிறேன்.