கிரீக் சாரின் வாழைப்பழப் பாடம்

மைசூரிலேயே ஒரு வாழைப்பழத்தைக் கொடுக்கக் கால் மணி நேரம் எடுத்துக்கொண்ட ஒரே மனிதர் கிரீக் சார்தான். இதில் எனக்குத் துளியும் சந்தேகமில்லை.

தேவராஜ மொஹல்லாவில் எங்கள் வீட்டு மாடியில் குடியிருந்தார். போதகர் படிப்புக்கு வருகிறவர்களுக்குப் பழைய கிரேக்கம் சொல்லிக்கொடுப்பது வேலை. சொந்தப் பெயரைக் கேட்க யாருக்கும் தோன்றவில்லை. சனிக்கிழமைதோறும் மார்க்கெட்டில் நஞ்சன்கூடு பழம் வாங்கி வந்து வீடு வீடாகக் கொடுப்பார். கொடுப்பார் என்றா சொன்னேன்? பழத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பாடம் நடத்துவார்.

"வினைச்சொல் ஒண்ணுதான். அதுலேர்ந்து கிரேக்கத்துல மூணு பெயர்ச்சொல் வருது. 'டோசிஸ்'னா கொடுக்கிற செயல். 'டோமா'ன்னா கொடுத்த பொருள். 'டோட்டேஸ்'னா கொடுக்கிற ஆள். நீங்கள்லாம் டோமாவையே பாக்கறீங்க!"

"சார், டோமா கறுத்துப் போகுது. பேகா, சீக்கிரம் குடுங்க!" என்று சிரிப்பார் பக்கத்து வீட்டு நர்ஸ் ஸ்டெல்லா. ஆனாலும் பாடத்தைக் கடைசிவரை நின்று கேட்பவர் அவர் ஒருவர்தான். அதனால் அவருக்கு மட்டும் முழுச் சீப்பு. சாருக்கு ஸ்டெல்லா மேல் ஆசை என்பது தெருவுக்கே தெரியும். அவரிடம் சொல்லத்தான் சாருக்கு வாய் வரவில்லை.

ஸ்டெல்லாவுக்குச் சாமராஜநகருக்கு மாற்றல் வந்தது. வழியனுப்பப் பழத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வந்தார் சார். கூடவே நானும் போனேன்.

"சிஸ்டர், கொடுக்கிறதுங்கிறது…" என்று ஆரம்பித்தார். டோசிஸ் முடிந்து டோமாவுக்கு வருவதற்குள் கண்டக்டர் "ஹத்தி, ஹத்தி!" என்று எல்லோரையும் ஏற்றிவிட்டார். பஸ் போய்விட்டது. பழம் சார் கையிலேயே இருந்தது.

"பழத்தையாவது குடுத்திருக்கலாமே சார்!"

"இன்னும் முடிக்கலையே," என்றார் பாவமாக.

அதன்பிறகு சனிக்கிழமைகளில் பழம் வந்தது, பாடம் வரவில்லை. கதவைத் தட்டுவார், கையில் பழத்தை வைப்பார், போய்விடுவார். அந்த மௌனத்தை என்னால் தாங்க முடியவில்லை. ஒரு நாள் அவரைப் பிடித்து இழுத்துப்போய்ச் சாமராஜநகர் பஸ்ஸில் உட்காரவைத்தேன்.

"ஐயோ, பழம் வாங்கலையே!"

"ஒண்ணும் வேணாம். நீங்க மட்டும் போங்க சார்."

அங்கே நடந்ததை ஸ்டெல்லாதான் போனில் சொன்னார். சார் வெறுங்கையோடு வாசலில் நின்றாராம்.

"என்ன சார், பழம் எங்கே?"

"இல்ல சிஸ்டர். நான்தான் வந்திருக்கேன்."

அவ்வளவுதான் பாடம். "உள்ள வாங்க," என்றாராம் ஸ்டெல்லா.

இப்போது இருவரும் அங்கேயே குடித்தனம். எனக்கு ரொம்ப சந்தோஷம்தான். ஆனால் மாடியில் விளக்கு எரியாத சாயங்காலங்களில் கோபம் கோபமாக வருகிறது. யாரைக் கேட்டு இந்த மனுஷனை பஸ் ஏற்றிவிட்டேன் நான்!