பூச்சியில்லாப் பூசணி

இயற்கையின் பிழைகளை முதன்முதலாகத் திருத்திய அலுவலகம் எங்களுடையது. இது தற்பெருமை அல்ல; கோப்பில் இருக்கிறது. 'பூச்சியில்லா வளாகம்' கேடயத்தை மூன்றாண்டாக யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. ஆனாலும் ஒரு சிறு புதிர். எங்கள் மாதிரித் தோட்டத்துப் பூசணிக்கொடி வேலி நிறையப் பூத்தது; ஒரு பிஞ்சுகூட நிற்கவில்லை.

மாதக் கடைசிக்குள் காய்க்காவிட்டால் தோட்டக்காரரை நீக்குவது என்று இயக்குநர் முடிவெடுத்தார். காரணம் ஆராய ஒரு குழு, செயலர் நான்.

பூசணியின் ஏற்பாடு அழகானது. ஆண் பூ வேறு, பெண் பூ வேறு. விடியலில் விரிந்து உச்சிக்குள் கூம்பிவிடும். அதற்குள் தேனீ ஆண் பூவில் புகுந்து, உடம்பெல்லாம் மகரந்தம் அப்பிக்கொண்டு பெண் பூவுக்குப் போக வேண்டும். பூவுக்கு ஆள் கிடைத்தது, தேனீக்குச் சோறு கிடைத்தது. ஒன்றை நம்பி ஒன்று வளர்ந்த உறவு. எங்கள் மருந்தடிப்பும் விடியலில்தான்.

இது தோட்டக்காரருக்குத் தெரியாமலா? மருந்தடிப்பவர் அவர் மனைவியின் தம்பி. வேலியோரம் இருவரும் பேசியது என் காதில் விழுந்தது.

"உண்மையச் சொல்லிருங்க மாமா. என் மருந்தாலதான் காய்க்கலன்னு."

"சொன்னா உன்னை அனுப்பிருவாங்க. உங்கக்கா எனக்குச் சோறு போடுவாளா?"

"சொல்லலன்னா உங்களை அனுப்புவாங்க. அப்ப எனக்கு மட்டும் போடுவாளா?"

"அதான் மாப்ளே, ரெண்டு பேரும் வாயை மூடிட்டு நிப்போம்."

கூட்டத்தில் நான்தான் எழுந்தேன். "ஐயா, மருந்தை நிறுத்தினா தேனீ வரும். தேனீ வந்தா காய்க்கும்."

"தேனீ பூச்சிதானே?" என்றார் இயக்குநர்.

"ஆமாங்க."

"அப்ப கேடயம்?"

"போயிரும்."

அவர் யோசித்தார். "அந்தத் தேனீ அப்படி என்னய்யா பண்ணுது? இங்க எடுத்து அங்க தடவுது. அதுக்கு நம்மகிட்ட ஆளா இல்ல?"

அந்த மதிநுட்பத்தை வியந்து தீர்மானத்தை நானே எழுதினேன். யார் வேலையும் போகவில்லை. காலையில் மைத்துனர் மருந்தடிக்கிறார். அந்த நெடி அடங்குமுன் தோட்டக்காரர் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சின்னத் தூரிகையால் பூவுக்குப் பூ மகரந்தம் தடவுகிறார். நாற்பது காய்கள் நிற்கின்றன. அவருக்கு இருமலும் நிற்கிறது, போகாமல்.

சம்பளமில்லாமல் ஒரு தேனீ பார்த்த வேலைக்கு இப்போது எங்களிடம் இரண்டு பேர் இருக்கிறார்கள்: ஒருவர் தேனீயைக் கொல்ல, இன்னொருவர் அதன் வேலையைப் பார்க்க.