பதினோரு மணிக் கரைசல்

இனி ஆயுசுக்கும் சீனியைத் தொடுவதில்லை என்று ஸ்டீபன்ராஜ் ஒரு தீர்மானம் எடுத்தார். எடுத்தார் என்றால், அவர் மனைவி எடுத்துக் கையில் கொடுத்தார், இவர் வாங்கிக்கொண்டார். முப்பத்தோரு வருசக் குடித்தனத்தில் அந்த வீட்டுத் தீர்மானங்கள் எல்லாம் இப்படித்தான் நிறைவேறி வந்திருக்கின்றன.

மனைவி பெயர் சகாயசெல்வி. திண்டுக்கல்லில் ஒரு தொடக்கப் பள்ளிக்குத் தலைமையாசிரியை. பின்பெஞ்சில் ஒருத்தன் பக்கத்துத் தாளைப் பார்த்தால், கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்றபடியே பேர் சொல்லி எழுப்பிவிடுகிற ரகம். தெருவே செல்வி டீச்சர் என்றுதான் சொல்லும். நாமும் அப்படியே சொல்லுவோம், எதுக்கு வம்பு. ஸ்டீபன்ராஜ் வேறொரு பள்ளியில் வேதியியல் ஆய்வக உதவியாளராக இருந்து போன வருசம்தான் ஓய்வு பெற்றவர். சால்வையும் சுவர்க்கடிகாரமும் மற்றவர்கள் கொடுத்தது. ஓர் அளவுஜாடியும் கண்ணாடிக்குச்சியும் அவராகவே எடுத்துக்கொண்டது.

பிப்ரவரியில் ரத்தம் கொடுத்துப் பார்த்ததில் மூணு மாசச் சர்க்கரைச் சராசரி எட்டரை என்று வந்தது. அன்று சாயங்காலமே டீச்சர் உட்கார்த்தி வைத்துப் பேசிவிட்டார்.

"சீனி கெடையாது. சோறு ஒரு கரண்டி. மே மாசம் திரும்பப் பாப்போம். ஏழுக்குக் கீழ வந்துச்சுன்னா நீங்க கேட்டுக்கிட்டே இருக்கீங்கள்ல, தூண்டில், அத வாங்கித் தாரேன். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சதும் ஆத்தூர் டேமுக்குப் போயி உக்காந்துக்கங்க."

"தனியாவா?"

"தனியாத்தான்."

"வரலேன்னா?"

"தெனம் காலைல அஞ்சு மணிக்கு எங்க அண்ணன்கூட வாக்கிங்."

மச்சான் ஆரோக்கியதாஸ் தங்கமான மனுசன்தான், யாரும் இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் மனைக்குப் பட்டா மாற்றின கதையை ஆரம்பித்தார் என்றால், கேட்கிறவர் சாப்பிட்டுத் தூங்கி எழுந்து வந்தாலும் கதை இன்னும் தாலுகா ஆபீஸ் வாசலிலேயே நின்றுகொண்டிருக்கும். இந்தப் பக்கம் அந்தக் கதை. அந்தப் பக்கம் ஆத்தூர்த் தண்ணீர், கரையில் ஒரு மரநிழல், பக்கத்தில் ஒரு ஈ காக்கா இல்லாத அமைதி. மீன் கிடைக்க வேண்டும் என்றுகூட அவருக்கு ஆசை இல்லை. தக்கை மிதக்கிறதைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், அம்புட்டுத்தான்.

பத்து நாள் ஒழுங்காக இருந்தார். பதினோராம் நாள் கெண்டைக்கால் பிடித்து இழுத்தது, எழுந்தால் தலை சுற்றியது. சோறு குறைந்தவர்களுக்கு உடம்பில் உப்புச்சத்தும் குறையும், அதற்கு ஒரு எலக்ட்ரோலைட் கரைசல் குடித்தால் சரியாகும் என்று செல்போனில் படித்தார். ஆய்வகத்து ரத்தம் சூடாகிவிட்டது. காய்ச்சி ஆறவைத்த தண்ணீர் ஒரு லிட்டர், எலுமிச்சம்பழம் பாதி, இந்துப்பு கால் ஸ்பூன். டாக்டரிடமும் கேட்டு, டீச்சரிடமும் ஒப்புதல் வாங்கினார்.

"சீனி இல்லாம குடிக்கிறதுன்னா குடிங்க," என்றார் டீச்சர்.

வாசனை பிடித்து வந்தது பக்கத்துவீட்டு மைதீன் பிச்சை. அவருக்கு ரத்தக்கொதிப்பு, உப்பு ஆகாது.

"எனக்கும் ஒண்ணு கலக்குங்க சார். உப்பு மட்டும் வேணாம்."

"உப்பில்லாட்டி அதுக்குப் பேரு எலுமிச்சத் தண்ணி, பாய்."

"இருக்கட்டும். அந்த அளவுஜாடிலயே ஊத்திக் குடுங்க. அப்பத்தான் மருந்து மாதிரி இருக்கு."

இவருக்கு மனசு குளிர்ந்துபோனது. ஒரு நோட்டுப் போட்டு, 'சீனி ஆகாதவர்களுக்கு', 'உப்பு ஆகாதவர்களுக்கு' என்று தனித்தனிப் பக்கம் எழுதினார். கால்பிடிப்பும் போய்விட்டது. அதோடு நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

வயிற்றுப்போக்குக்குக் கொடுக்கிற உப்புக் கரைசல் பாக்கெட் ஒன்று வீட்டில் கிடந்தது. அதன் முதுகைப் படித்தால், உப்போடு சர்க்கரையும் இருந்தது. சர்க்கரை கூட வந்தால்தான் உப்பு குடலிலிருந்து ரத்தத்துக்கு வேகமாக ஏறும் என்று ஆய்வகத்தில் ஒரு வாத்தியார் சொன்னது ஞாபகத்துக்கு வந்தது. அப்படியானால் அது சீனி இல்லை. மருந்தைத் தூக்கிப்போகிற வண்டி. சபலத்துக்கு அறிவியல் துணை கிடைத்துவிட்டால் மனுசனைப் பிடிக்க முடியுமா?

கால் கிலோ சீனி வாங்கி, டீச்சர் பள்ளிக்குப் போன நேரம் மிக்ஸியில் பொடித்தார். பொடி என்றால் ஸ்பூன் சத்தமில்லாமல் கரையும். ஒரு பாட்டிலில் அடைத்து, எங்கே வைக்கலாம் என்று வீட்டைச் சுற்றிவந்தார். அரிசிப்பானை, பீரோ, பைபிள் அலமாரி, எல்லாம் டீச்சர் கைபடுகிற இடம். கடைசியில் பரண்மேல் இருந்த கிறிஸ்துமஸ் குடில் பெட்டி கண்ணில் பட்டது. டிசம்பர் வராமல் அதை யார் திறக்கப்போகிறார்கள்? வைக்கோலை விலக்கி, ஒட்டகத்துக்கும் மூன்றாவது ராஜாவுக்கும் நடுவில் பாட்டிலைப் படுக்கவைத்தார்.

அதற்கப்புறம் வந்த நாட்களைப் பற்றி என்னத்தைச் சொல்ல. காலை பதினோரு மணிக்கு ஏணி, பாட்டில், ரெண்டு ஸ்பூன், கண்ணாடிக்குச்சியால் ஒரு கலக்கு. ஃபேனுக்குக் கீழே பிரம்பு நாற்காலியில் சாய்ந்து சொட்டுச் சொட்டாகக் குடிப்பார். பாதி டம்ளரிலேயே கண் செருகும். தெருவில் போகிற கீரைக்காரம்மா குரல் தூரத்தில் தேய்ந்து, ஹால் சுவர் கரைந்து, ஆத்தூர்த் தண்ணீர் மெள்ள வீட்டுக்குள் வரும். மலையின் நிழல் தலைகீழாக விழுந்து கிடக்கும். நாற்காலி லேசாக மிதக்கும். தக்கை ஒரு தரம் முங்கி எழும்பும், இவர் பார்த்துக்கொண்டே இருப்பார், இழுக்க மாட்டார். அந்தச் சுகம் அவர் வாழ்நாளில் கண்டதில்லை. நாக்கின் ஓரத்தில் மட்டும் லேசாக ஒரு கசப்பு நிற்கும். இந்துப்பு அசல் சரக்கு, அதான் என்று எண்ணிக்கொள்வார்.

மே மாதம் கிட்ட வரவரப் பயம் பிடித்தது. ரெண்டு ஸ்பூன், எழுபது எண்பது நாள். கணக்குத் தெரிந்த மனுசன். ரத்தம் கொடுத்த அன்று கனவில் தண்ணீர் வற்றி, கரையில் ஆரோக்கியதாஸ் பட்டாவை விரித்துப் பிடித்துக்கொண்டு நின்றார்.

ரிசல்ட் வந்தது. ஆறு புள்ளி ஆறு.

மூன்று முறை படித்தார், கண்ணாடியைத் துடைத்துவிட்டு இன்னொரு முறை படித்தார். பிறகு ஒரு பெரிய எண்ணம் மெதுவாக அவருக்குள் எழுந்தது. சீனி தின்றும் சீனி குறைந்திருக்கிறது. அப்படியானால் இது சாதாரணக் கரைசலா? இந்த உலகத்துக்கு அவர் என்னவோ கண்டுபிடித்துவிட்டார். பாட்டில் மேலே தன் படம் ஒட்டியிருப்பதும், வீட்டு வாசலில் இருந்து பஸ் ஸ்டாண்டு வரைக்கும் ஆட்கள் வரிசையில் நிற்பதும் தெரிந்தது. படத்தில் மீசையைக் கொஞ்சம் ஒதுக்கியிருந்தார்கள், நன்றாகவே இருந்தது.

டீச்சர் ரிசல்ட்டை வாங்கிப் பார்த்தார்.

"நல்லது. சோத்தக் கொறச்சது கேட்ருச்சு."

"சோறு மட்டுமா?"

"பின்ன?"

"கரைசல் ஒண்ணும் பண்ணலையா?"

"அது என்ன பண்ணும்? எலுமிச்சயும் உப்பும். ஊறுகா தொட்டுக்கிட்டாலும் அதானே."

ஊறுகாய் என்றதும் அவருக்குச் சுருக்கென்றது. தூண்டிலை வாங்கிக்கொண்டு பேசாமல் இருந்திருக்கலாம். ஆனால் கண்டுபிடித்தவனின் ரோசம் விடவில்லையே.

"செல்வி, உக்காரு. ஒரு உண்மை சொல்றேன். அதுல தெனம் ரெண்டு ஸ்பூன் சீனி போட்டுத்தான் குடிச்சேன்."

டீச்சர் உட்காரவில்லை. முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"ஒட்டகத்துக்குப் பக்கத்துல இருக்கே, அந்தச் சீனியா?"

ஸ்டீபன்ராஜ் பரண் பக்கம் நிமிர்ந்து பார்த்தார்.

"நாலாம் நாளே சொவத்துல எறும்பு ஏறுச்சு," என்றார் டீச்சர். "பங்குனி மாசத்துல குடில் பெட்டிக்குப் பொறப்பட்டுப் போற எறும்ப நான் பாத்ததே இல்ல. எடுத்துக் கொட்டிட்டு, மெடிக்கல்ல சீனித்துளசிப் பொடி, இனிக்கும் ஆனா சக்கர ஏத்தாதுல்ல, அந்த வெள்ளப் பொடிய வாங்கி அடச்சு வச்சேன். அப்பறம் ஒரு எறும்பும் வரல. அதுகளுக்குத் தெரிஞ்சிருச்சு."

"அப்ப... இத்தன நாளு நான் குடிச்சது?"

"எல குடிச்சீங்க. வாரம் ஒருக்கா நான்தான் பாட்டில ரொப்பிவச்சேன். தீர்ந்துபோச்சுன்னா நீங்க கடைக்குப் போயிருவீங்க."

வரிசையில் நின்ற ஆட்கள் ஒவ்வொருவராகக் கலைந்து போனார்கள். பாட்டில் மேலிருந்த படமும் உரிந்தது. போகட்டும். புகழ் போனால் என்ன, ஆறு புள்ளி ஆறு போகவில்லையே. குரலை ரொம்பச் சின்னதாக்கிக்கொண்டு கேட்டார்.

"ஏழுக்குக் கீழதான வந்திருக்கு?"

"சொன்ன வார்த்தைல இருந்து நான் மாற மாட்டேன்," என்றார் டீச்சர். உள்ளே போய், காகிதம் சுற்றிய நீளமான ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து இவர் மடியில் வைத்தார். முன்கூட்டியே வாங்கி வைத்திருக்கிறார், மகராசி. ஸ்டீபன்ராஜுக்குக் கண் கலங்கியது. காகிதம் வழியாகவே ஆத்தூர்க் காற்று வந்தது. கயிற்றை அவிழ்த்தார்.

உள்ளே ரெண்டு தூண்டில் இருந்தன.

"கண்ணுக்கு மறைவா உங்கள இனிமே தனியா விடுறதா இல்ல," என்றார் டீச்சர். "இன்னொண்ணு அண்ணனுக்கு."