காலண்டரைப் பார்த்து ஊரைச் சொன்னவன்

ருவைஸ்,
லேபர் கேம்ப், பி பிளாக், ரூம் நம்பர் 14.
தை மாதம் 24.

மரியாதைக்குரிய மாப்பிள்ளை விஜயபாஸ்கர் அவர்கள் சமூகத்துக்கு, தங்கள் மச்சான் ராக்கப்பன் இரண்டு கையையும் கூப்பி எழுதிக்கொண்டது. சர்க்கரையும் கொழுப்பும் நீங்கலாக நான் இங்கு நலம். தாங்களும், தங்கை சங்கீதாவும், மருமகள் பானுப்பிரியாவும், மருமகன் ஆதித்யாவும், புதிதாக வாங்கியிருப்பதாகக் கேள்விப்பட்ட கறவை மாடும் நலமாக இருக்கத் தங்கள் குலதெய்வம் கருப்பர் காவலிருப்பார். இந்தக் காலத்தில் யாராவது கடிதம் எழுதுவார்களா என்று தாங்கள் நினைக்கலாம். தாங்கள் என் நம்பரைத் தடுத்து வைத்து ஏழு வருடம் ஆகிறது. வாட்ஸ்அப்பில் நான் அனுப்பிய பொங்கல் வாழ்த்து ஏழும் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. சங்கீதாவிடம் சொல்லலாம் என்றால், "அவர்ட்ட நீயே பேசிக்கண்ணே, என்னைய இதுல இழுக்காத" என்று வைத்துவிடுகிறாள். ஆகவே, கேம்ப் வாசலில் பலசரக்குக் கடை வைத்திருக்கும் கீழக்கரை கௌஸ் முகைதீன் பாய் ஊருக்குப் போவதால், இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலம் பேரீச்சம்பழத்தையும் இரண்டு கோடாலித் தைலத்தையும் அவர் கையில் கொடுத்து அனுப்புகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். மாசி பன்னிரண்டாம் தேதி கருப்பர் கோவிலில் ஆதித்யாவுக்கு மொட்டையடித்துக் காது குத்த நாள் குறித்திருக்கிறீர்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் காது குத்த வேண்டும், அந்தத் தாய்மாமன் நான் ஒருவன்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஏழு வருடத்துக்கு முன்பு, போன தடவை பானுப்பிரியாவுக்குக் காது குத்தியபோது, ஷட்டவுன் என்று சொல்லி நான் வராமல் போனதும், கடைசி நேரத்தில் சித்தப்பா மகன் சுரேஷ்குமாரைப் பிடித்து உட்கார வைத்ததும், ஆல்பத்தில் பதினெட்டுப் படத்தில் அவன் பல்லைக் காட்டிக்கொண்டிருப்பதும் எனக்கு மறக்கவில்லை. பானு இன்றைக்கும் அவனை 'மடி மாமா' என்றும் என்னை 'போன் மாமா' என்றும் கூப்பிடுகிறாளாம். இதைக் கேள்விப்பட்ட அன்று நான் சாப்பிடவில்லை. இந்தத் தடவை எப்படியும் வந்துவிடுவேன் என்று கருப்பர் மேல் சத்தியம் பண்ணியிருந்தேன். வர முடியவில்லை மாப்பிள்ளை. இந்தத் தடவையும் ஷட்டவுன்தான். ஆனால் பழியைத் தூக்கி ஷட்டவுன் மேல் போட்டால் கருப்பர் கண்ணைக் குத்திவிடுவார். முழுக்க முழுக்க என் வாயால் வந்த வினை. அது எப்படி என்று சொல்லத்தான் இத்தனை பக்கம்.

ஷட்டவுன் என்றால் பிளாண்டை நிறுத்திப் போட்டு ரிப்பேர் பார்ப்பது. இந்த இரண்டு மாதமும் ஒருவருக்கும் லீவு கிடையாது. தர வேண்டுமென்றால் பெரிய மேனேஜர் ஒருவர்தான் தர முடியும். புதிதாக வந்திருக்கும் அந்த மனிதர் துருக்கி நாட்டுக்காரர், பெயர் இல்ஹான் பே. அங்கெல்லாம் மரியாதைக்கு 'பே' சேர்த்துக்கொள்வார்கள். ஆறரை அடி. சிரித்து யாரும் பார்த்ததில்லை. லீவு ஃபாரத்தில் 'குடும்ப விசேஷம்' என்று எழுதி வைத்துக்கொண்டு அவர் ரூம் வாசலில் நாலு நாள் நின்று நாலு நாளும் திரும்பி வந்தேன். என் ரூமில் இருக்கும் அருள்ராஜ்தான் யோசனை சொன்னான். "அண்ணே, சொந்த ஊரைப் பத்திப் பேசுனா உருகாத மனுசன் ஒலகத்துல கெடையாதுண்ணே. நீங்க அந்தாளு ஊரு என்னான்னு கண்டுபிடிங்க, நாலு வார்த்த அந்த ஊரைப் பத்தி எடுத்து விடுங்க, லீவு தானா வரும்." நல்ல யோசனைதான். செயல்படுத்தியது நான் என்பதால் கெட்டுப்போனது.

ஊரைக் கண்டுபிடிப்பது எனக்குப் பெரிய வேலையாகவே படவில்லை. நம் ஆட்கள் ரூமில் ஏறிச் சுவரைப் பார்த்தாலே ஊர் தெரிந்துவிடும். தேவகோட்டைக்காரன் தேவகோட்டை நகைக்கடைக் காலண்டர் மாட்டியிருப்பான், அறந்தாங்கிக்காரன் அறந்தாங்கி ஜவுளிக்கடைக் காலண்டர் மாட்டியிருப்பான். அரபு நாட்டுக்கு வந்த இந்த இருபத்திரண்டு வருடத்தில் காலண்டரைப் பார்த்து நான் சொன்ன ஊர் தப்பியதே இல்லை. இல்ஹான் பே ரூமிலும் ஒரு காலண்டர் தொங்கியது. ஒரு மாவு மில்லின் படம், கீழே செர்ச்சிலி என்று ஊர்ப்பெயர். இனி என்ன வேண்டும்? டூட்டி பஸ்ஸில் போகவர ஒன்றரை மணி நேரமும் போனில் அந்த வட்டாரத்தின் சரித்திரத்தைப் படிக்க ஆரம்பித்தேன்.

மாப்பிள்ளை, பத்தாம் வகுப்பில் சரித்திரப் பாடத்தில் முப்பத்தாறு மார்க் வாங்கிய நான், துருக்கியில் மலை அடிவாரத்தில் இருக்கும் ஒரு தாலுகாவின் நாற்பத்தொரு கிராமத்தையும் மனப்பாடம் பண்ணினேன். படிக்கப் படிக்க அது நம்ம பக்கம் மாதிரியே இருந்தது. அங்கே ஒவ்வொரு ஊருக்கும் இரண்டு மூன்று பெயர். சர்க்கார் பழைய பேரை மாற்றி போர்டு வைத்தால், ஊர்க்காரர்கள் பழைய பேரையே சொல்கிறார்கள், பக்கத்து ஊர்க்காரர்கள் ஒரு கேலிப் பேர் வைத்திருக்கிறார்கள். ஒரு ஊர் சண்டைக்குத் தப்பி வேறு நாட்டிலிருந்து குதிரையோடு வந்து இறங்கியவர்களால் ஆனது. ஒரு ஊர் அணைக்கட்டுத் தண்ணீருக்குள் போய்விட்டது, கோடையில் பள்ளிவாசல் கோபுரத்தின் உச்சி மட்டும் தெரியுமாம். இன்னொரு ஊரில் அறுநூறு வீடு, ஆள் தொண்ணூறு பேர். மற்றவர்கள் எல்லாம் ஜெர்மனிக்கு வேலைக்குப் போனவர்கள். மூன்று மாடி வீடாகக் கட்டிப் பூட்டை மட்டும் குடிவைத்துவிட்டு, ஆகஸ்ட் மாதம் வந்து திறந்து கூட்டிவிட்டுப் போகிறார்கள். அந்த ஊரைப் படித்தபோது போனை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். புலியடிவயலில் என் வீட்டுப் பூட்டுக்கு எண்ணெய் விட்டு மூன்று வருடம் ஆகிறது.

இதில் முக்கியமான சரித்திரம் ஒன்று. முதலில் தாலுகா ஆபீஸ் மலைமேல் எஸ்கிகோனாக் என்ற ஊரில் இருந்தது. கீழே செர்ச்சிலிக்கு ரயில் வந்ததும், செர்ச்சிலிக்காரர்கள் ஒருநாள் மாட்டு வண்டி கட்டிக்கொண்டு மேலே போய், ஃபைல், மேசை, நாற்காலி, முத்திரை எல்லாவற்றையும் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார்கள். அன்றிலிருந்து செர்ச்சிலிதான் தாலுகா. இதைப் படித்ததும் இதுதான் லீவு என்று முடிவு பண்ணினேன்.

படிக்க ஆரம்பித்த ஐந்தாம் நாள் உள்ளே போனேன். இங்கிலீஷ் பாதி, ஹிந்தி கால், கை ஜாடை கால். "சார், உங்க செர்ச்சிலி மாதிரி ஒரு ஊர் உலகத்துல உண்டா சார்? மலைமேல எஸ்கிகோனாக்காரன் சோம்பேறி, தாலுகா ஆபீஸ வச்சுக்கிட்டுத் தூங்கிக்கிட்டிருந்தான். உங்க பெரியவங்க சிங்கம் சார், வண்டி கட்டிப் போய்த் தூக்கிட்டு வந்துட்டாங்க!" என்று மாட்டு வண்டி ஓட்டியும் காட்டினேன். மனிதர் எழுந்து நின்றார். கட்டித்தழுவத்தான் எழுந்தார் என்று நானும் ஒரு அடி முன்னால் போனேன். "என் ஊர் எஸ்கிகோனாக். ஆபீஸைத் தூக்கிய அன்று வாசப்படியில் குறுக்கே படுத்த குமாஸ்தா என் தாத்தா. அவரைத் தாண்டித்தான் மேசையைக் கொண்டுபோனார்கள்" என்றார். அப்படியென்றால் காலண்டர்? அது அவர் மாமனாரின் மாவு மில். பெண் எடுத்தது செர்ச்சிலியில். சம்சாரம் வீடியோவில் வரும்போதெல்லாம் சுவரில் அப்பா காலண்டர் தொங்குகிறதா என்று பார்ப்பாராம். என் ஃபாரம் மேசை டிராயருக்குள் போனது. "கலாஸ்" என்றார். அதாவது, கதை முடிந்தது.

தங்களுக்குச் சிரிப்பு வருவது எனக்கு இங்கேயே கேட்கிறது. நான் இப்படிப் பேசியது இது முதல் தடவையும் அல்ல. தங்கள் கல்யாணப் பந்தியில், "எங்க புலியடிவயல்ல இருந்த பத்திர ஆபீஸத் திருடிட்டுப் போன ஆலங்கரைக்காரனுக்கே பொண்ணும் குடுத்துட்டோம், இனிமே கண்மாய் ஒண்ணுதான் பாக்கி" என்று மைக்கைப் பிடித்துச் சொன்னவன் நான். பக்கத்து இலையில் தங்கள் அப்பா இருந்ததை நான் பார்க்கவில்லை. அவர் பாயாசம் சாப்பிடாமல் எழுந்ததை ஊரே பார்த்தது. துருக்கியில் போய் மறுபடியும் அதே குழியில் விழ என்னால்தான் முடியும்.

அத்தோடு விட்டிருந்தாலாவது ஏதாவது மிஞ்சியிருக்கும். விடவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து எஸ்கிகோனாக்கின் சரித்திரத்தைத் தனியாகப் படித்தேன். அதன் பழைய பேர், குளிர்காலத்தில் பாதை மூடும் மாதம், ஊர்க் கிணற்றைத் தோண்டியவர் பேர் எல்லாம் தலைக்குள் ஏற்றிக்கொண்டு மறுபடியும் போய் நின்றேன். "சார், தப்பு நடந்துபோச்சு. எங்க ஊர் பத்திர ஆபீஸையும் பக்கத்து ஊர்க்காரன் இப்படித்தான் சார் லாரில ஏத்திட்டுப் போனான். நானும் ஆபீஸப் பறிகுடுத்தவன்தான்" என்றேன். (மன்னிக்கவும். லாரி என் கற்பனை.) அவ்வளவுதான், மனிதர் நாற்காலியை இழுத்துப் போட்டார், டீ வந்தது. நாற்பத்தொரு கிராமத்தையும் பழைய பேரோடு ஒவ்வொன்றாகக் கேட்டார். ஒன்றுவிடாமல் சொன்னேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சாரம் கட்டும் ஆளான என்னை சைட்டுக்கு அழைத்துப்போய் எல்லோர் முன்னாலும் நிறுத்தினார். "இவர் தலையில் ஒரு தாலுகாவே இருக்கிறது. இந்த ஷட்டவுனில் ஆயிரத்து நூறு சாரம் கட்டியிருக்கிறோம். எதில் ஏறலாம், எதில் ஏறக்கூடாது என்று பச்சை அட்டை, சிவப்பு அட்டை மாட்டும் பொறுப்பு முழுக்க இனி ராக்கப்பன் பாயுடையது. இவர் இல்லாமல் ஒரு ஆள் மேலே ஏறக்கூடாது" என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். நான் மெதுவாக, "சார், லீவு..." என்றேன். "ஷட்டவுன் முடியும்வரை மாஃபி", அதாவது கிடையவே கிடையாது என்று தோளில் தட்டினார். ஷட்டவுன் முடிவது மாசி முப்பது.

ஆக, கோபப்படுத்தி ஒரு தடவையும் சந்தோஷப்படுத்தி ஒரு தடவையுமாக ஒரே லீவை இரண்டு தடவை இழந்தேன். அருள்ராஜ் இரண்டு நாளாக என் கண்ணில் படாமல் நடக்கிறான். அவனைக் குறை சொல்லி என்ன? இப்போது எனக்கு ஒன்றே ஒன்றுதான் வலிக்கிறது. ஆதித்யாவுக்கும் நான் 'போன் மாமா' ஆகப்போகிறேன். கடுக்கன் வாங்கி டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். தினமும் டூட்டிக்குப் போகும் முன் திறந்து பார்த்துவிட்டுப் பூட்டுகிறேன். அதையும் இத்துடன் பாயிடம் கொடுத்தனுப்புகிறேன். சுரேஷ்குமாரையே உட்கார வையுங்கள். பிள்ளையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லுங்கள், போன தடவை பானு திமிறியதில் இடது காது சற்று மேலே ஏறிவிட்டது. என்னை மன்னிக்கும்படி கேட்க எனக்குத் தகுதியில்லை. பத்திர ஆபீஸைப் பற்றி நான் பேசியதை மட்டும் தங்கள் அப்பாவிடம் வாபஸ் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடுங்கள்.

தங்கள் வீட்டில் பால் பொங்கவும், கிணறு ஊறவும், பிள்ளைகள் இருவரும் நூறு வயது நோய்நொடியின்றி இருக்கவும் கருப்பரைக் கும்பிட்டு முடிக்கிறேன். தங்கள் அப்பா, அம்மா பாதத்தில் என் வணக்கத்தைச் சேர்க்கவும். மாட்டுக்கும் என் விசாரிப்பு.

இப்படிக்கு,
ஆயிரத்து நூறு சாரம் இருந்தும் ஒரு மடிக்கு வக்கில்லாத தங்கள் மச்சான்,
ராக்கப்பன்

பி.கு. இதை ஒட்டிப் பாயிடம் கொடுத்த மறுநாள் அட்டை மாட்டிக்கொண்டிருந்தபோது இல்ஹான் பே வந்தார். "ராக்கப்பன் பாய், முகம் ஏன் இப்படி இருக்கிறது? அது என்ன விசேஷம்?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. நாற்பத்தொரு ஊரைப் பற்றிச் சொன்ன நான், எதற்கு லீவு என்பதை மட்டும் சொல்லவே இல்லை. தங்கச்சி மகனுக்குக் காது குத்து, என் மடியில்தான் வைத்துக் குத்த வேண்டும், போன பிள்ளைக்கும் போகவில்லை என்று அப்படியே சொன்னேன். மனிதர் ஹெல்மெட்டைக் கழற்றிவிட்டார். அவர் ஊர்ப்பக்கம் ஆண் பிள்ளைக்கு சுன்னத் செய்யும்போது ஒருவர் மடியில் வைத்துப் பிடிக்க வேண்டுமாம். கிர்வே என்று பேராம். அன்றிலிருந்து மடியில் பிடித்தவர் அந்த வீட்டுக்குச் சொந்தமாகிவிடுவாராம். இவருக்குப் பேசி வைத்திருந்த கிர்வே ஜெர்மனியில் ஃபேக்டரி லீவு தராமல் வரவில்லையாம். கடைசி நேரத்தில், அந்தப் பக்கமாகத் தபால் கொடுக்க வந்த தபால்காரரை உட்கார வைத்துவிட்டார்களாம். "ஐம்பத்து நாலு வயசு ஆகிறது, ஊரில் இன்றும் நான் தபால்காரர் மடிப் பையன்தான்" என்றார். டிராயரைத் திறந்து என் பழைய ஃபாரத்தை எடுத்தார். ஒன்பது நாள். அட்டைப் பொறுப்பு திரும்பி வரும்வரை அருள்ராஜுக்கு.

கௌஸ் முகைதீன் பாயும் நானும் ஒரே விமானத்தில்தான் வருகிறோம். கடிதத்தையும் கடுக்கனையும் அவரிடமிருந்து திரும்ப வாங்கி, கடிதத்தைக் கிழித்துப் போடத்தான் நினைத்தேன். ஆனால் தங்கள் எதிரில் நின்றால் எனக்கு இதில் பாதிகூடப் பேச வராது. அதனால்தான் பிரித்து இந்தப் பின்குறிப்பையும் சேர்த்துச் சங்கீதாவிடம் கொடுத்து உள்ளே அனுப்பினேன். படித்தது போதும், நிமிர்ந்து பாருங்கள். வாசல் பக்கம் பிளாஸ்டிக் நாற்காலியில், சட்டைப் பையில் கடுக்கனோடு உட்கார்ந்திருப்பவன் நான்தான். மடி காலியாக இருக்கிறது, பயலைக் கூப்பிடுங்கள்.